வேலூர்ப் பக்கம் புதிதாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கு: டாக்டரைத் தேடுவதிலிருந்து அவசர இரவு வரை

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுபவர்கள், சாரட் வண்டிக்காரர்கள், நிலத்தோரம் வீடு கட்டிப் பிள்ளைகளின் ஆசைக்காக ஒன்று வாங்கிக் கட்டியவர்கள். மற்றபடி இது மாட்டு ஊர். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போனால் தெரியும். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவில் பத்துப் பேர் வைத்தியம் சொல்வார்கள், அதில் பாதியாவது பலிக்கும். உங்கள் குதிரை படுத்துக்கொண்டாலும் அதே பத்துப் பேர் அதே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். புதிதாக வளர்ப்பவருக்கு முதல் ஆபத்து அங்கேதான்.

மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போட்டுச் செரிக்கும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் உடம்பளவுக்குச் சிறியது. தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாந்தி எடுக்க அதனால் முடியாது. நார்த்தீனி செரிப்பது பின்குடலில். அந்தக் குடல் அடைத்தாலோ முறுக்கிக்கொண்டாலோ காலையில் நன்றாக நின்ற குதிரை இரவுக்குள் செத்துப்போகலாம். குதிரை வைத்தியத்தில் கைதேர்ந்த டாக்டர் பக்கத்திலேயே கிடைப்பது இங்கே அபூர்வம். ஆகவே டாக்டர் வந்து சேரும்வரை என்ன செய்வது, அவர் வருவதற்கு முன் எதைத் தயாராக வைப்பது என்பதில்தான் உங்கள் குதிரையின் ஆயுள் இருக்கிறது.

முதல் வேலை: குதிரை வரும் முன்பே டாக்டர்

குதிரையைக் கொண்டுவந்து கட்டுவதற்கு முன், ஒரு சாதாரண நாள் காலையில், உங்கள் ஊருக்கு உட்பட்ட அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் கால்நடை உதவி மருத்துவர் பட்டம் பெற்ற டாக்டர். கால்நடை ஆய்வாளரும் பராமரிப்பு உதவியாளரும் வேறு பணியாளர்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடும் பழக்கத்தில் எல்லோரையும் ‘டாக்டர்’ என்றே கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். குதிரை விஷயத்தில் யார் டாக்டர் என்று தெரிந்துகொண்டு அவரிடமே பேசுங்கள்.

குதிரை பார்த்த அனுபவம் உண்டா, இரவில் கூப்பிட்டால் யார் வருவார், தன்னால் முடியாது என்றால் எங்கே அனுப்புவார் என்று கேளுங்கள். “எனக்குக் குதிரை அவ்வளவு பழக்கமில்லைங்க” என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் அவரைக் கழித்துவிட வேண்டாம். என் கணிப்பில் அவர்தான் நல்ல டாக்டர். கூடப் படித்தவர் யாரையாவது போனில் பிடித்து, அளவு கேட்டு, அதன்பிறகுதான் ஊசியை எடுப்பார்.

மருந்தகத்துக்கு மேலே கால்நடை மருத்துவமனைகள் உண்டு. கோட்ட அளவில் உதவி இயக்குநர், மாவட்ட அளவில் மண்டல இணை இயக்குநர். இரத்தம், லத்தி (குதிரைச் சாணம்) மாதிரிகளைச் சோதிக்க மாவட்ட அளவில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. குதிரைக்குக் காய்ச்சல் வரும்போது இந்தப் பிரிவின் அருமை தெரியும். பழைய வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. 2019-ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் மூன்றானது. வேலூருக்குப் பக்கத்தில் இருந்தாலும் உங்கள் கிராமம் எந்த மாவட்டக் கணக்கில் வருகிறது என்று பார்த்து வையுங்கள். சான்றிதழ், புகார் எல்லாம் அந்த மாவட்ட அலுவலகத்தில்தான்.

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற கட்டணமில்லா எண். போனில் சேமித்து வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் பகுதி வண்டி எந்த நேரம் ஓடுகிறது என்று மருந்தகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும் உண்டு. தீவனம், பராமரிப்பு பற்றிக் கேட்க அது நல்ல இடம்.

இராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். நாடறிந்த நிறுவனம்தான், ஆனால் அதன் முக்கிய வேலை மாடு, ஆடு, கோழிகளுக்கான தடுப்பூசி தயாரிப்பு. குதிரைக்கு வைத்தியம் பார்க்க அங்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். (குதிரையேற்றத்துக்குப் பேர்போன தேசிங்கு ராஜாவின் ராணி பெயரால் வந்த ஊர் அது என்பார்கள். இருந்தும் குதிரைக்காரனுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.)

தனியார் டாக்டரை வைத்துக்கொள்வதாக இருந்தால், மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. வீட்டுக்கு வர எவ்வளவு, இரவு என்றால் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குதிரை உருண்டுகொண்டிருக்கும்போது பேரம் பேச முடியாது.

வாங்கும்போது

நம் பக்கத்திலிருந்து குதிரை வாங்கப் போகிறவர்கள் பலருக்கும் அந்தியூர்தான் ஞாபகம் வரும். ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தை. மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை, மட்டக்குதிரை எல்லாம் வரும். ஆனால் பல ஊர்க் குதிரைகள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் இடத்தில் நோயும் கைமாறும்.

வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சுழி. நெற்றிச் சுழி நல்லதா, இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகுமா என்று அரைநாள் பேசுவார்கள். டாக்டரும் சுழியைக் குறித்துக்கொள்வார், ஆனால் வேறு காரணத்துக்காக. சுழி இருக்கும் இடமும் நெற்றி வெள்ளையும் கால் வெள்ளையும்தான் ஒரு குதிரையை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்லும் அடையாளங்கள். சான்றிதழில் அவை வர வேண்டும். சுழிக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக் காலுக்கும் கண்ணுக்கும் கொடுங்கள். கெட்டியான தரையில் நேராக ஓட்டச் சொல்லிப் பாருங்கள். நொண்டும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். பல்லைப் பார்த்து வயது சொல்லலாம் என்பது உண்மைதான், ஆனால் வயது ஏற ஏற அந்தக் கணக்கு தளர்ந்துபோகும்.

முடிந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு, கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு மீதியைக் கொடுங்கள். மனிதருக்கும் தொற்றும் இந்த நோயைப் பற்றிக் கீழே சொல்கிறேன். வீட்டுக்கு வந்த புதுக் குதிரையை மூன்று, நான்கு வாரம் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர் வாளி, தீனிப் பை, தேய்க்கும் பிரஷ் எல்லாம் தனி. தாடைக்கு அடியில் கட்டி, மூக்கில் சீழ் என்று ஏதாவது தெரிந்தால் அந்த நாட்களில் தெரிந்துவிடும்.

ஒரு நோட்டு, ஒரு தெர்மாமீட்டர்

குதிரை வந்த முதல் வாரத்தில், அது நன்றாக இருக்கும்போதே, காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் தொடையை ஒட்டி நில்லுங்கள். நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் இரத்தக்குழாயில் விரல் வைத்து எண்ணலாம். மூச்சை எண்ண விலா ஏறி இறங்குவதைப் பார்த்தால் போதும். வெயில் காலத்தில் இந்த எண்கள் கொஞ்சம் கூடும். அதனால்தான் உங்கள் குதிரையின் சொந்தக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். காதை விலாவுக்குப் பின்னால் வயிற்றில் வைத்துக் கேட்டால் இரண்டு பக்கமும் கடமுட சத்தம் இருக்கும். சத்தம் கேட்பது நல்லது, கேட்காததுதான் கவலை. லத்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுகிறது என்பதையும் பாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு தடவை சாதாரணம். மூத்திரம் மஞ்சளாய்க் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம், குதிரைக்கு அப்படித்தான். காப்பி நிறமாகவோ சிவப்பாகவோ போனால் மட்டும் உடனே டாக்டர்.

அடுத்தது எடை. எல்லா மருந்துக்கும் எடைதான் கணக்கு. மார்புச் சுற்றளவை முன்னங்காலுக்குப் பின்னால், சேண வார் கட்டும் இடத்தில், சென்டிமீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்குங்கள். வரும் தொகையை நெஞ்சு முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையிலான நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 265 கிலோ. தையல்கடை டேப் போதும். மாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குதிரையின் எடை பிடிபடாது, அதனால் அளந்தே பாருங்கள்.

ஊசியும் புழு மருந்தும்

ஒரே ஓர் ஊசிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் டெட்டனஸ், அதாவது ரணஜன்னித் தடுப்பூசியைப் போடுங்கள். வீட்டு விலங்குகளில் இந்த நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் இரையாவது வேறில்லை. லாட ஆணி குத்திய சின்னக் காயம் போதும். கிருமி மண்ணிலும் லத்தியிலும் எப்போதும் இருப்பது. முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடம் ஒன்று. ஊசி போட்டு ஆறு மாதத்துக்கு மேலான நிலையில் ஆழமான காயம் பட்டால், டாக்டர் இன்னொன்று போடச் சொல்வார். சினைக் குதிரைக்குக் குட்டி ஈனும் நாலைந்து வாரத்துக்கு முன் போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும்.

இரண்டாவது வெறிநாய்க்கடித் தடுப்பூசி, வருடம் ஒரு தடவை. நம் தெருக்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெறி வந்த குதிரை முதலில் வயிற்றுவலி மாதிரியும் தொண்டை அடைப்பு மாதிரியும்தான் காட்டும். எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் வெறுங்கையை வாய்க்குள் விட்டுப் பார்க்காதீர்கள். குதிரை இன்ஃப்ளுவன்சா ஊசி, பல குதிரைகள் கூடும் இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டியது.

கொசு விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், இதே வேலூரில். நெல் வயலில் பெருகும் கொசு பரப்பும் அந்த நோய் குதிரையையும் தாக்கும். லாயம் வயலையோ ஏரியையோ ஒட்டி இருந்தால் மாலையில் வலை கட்டுங்கள், தொட்டித் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள்.

குடற்புழு மருந்தைக் காலண்டர் பார்த்துக் கொடுப்பதைவிட, லத்தியைச் சோதித்துப் புழு முட்டை எவ்வளவு என்று பார்த்துக் கொடுப்பது நல்லது. சும்மா சும்மா கொடுத்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும். இன்னொன்று, மாட்டுக்கு ஊசியாகப் போடும் ஐவர்மெக்டினைக் குதிரைக்கு ஊசியாகப் போட வேண்டாம். குதிரைக்கு வாய்வழிப் பேஸ்ட்தான்.

தீனி: பாதி நோய் இங்கிருந்துதான்

கொள்ளு என்றால் வாய் திறக்கும் குதிரை கடிவாளம் என்றால் வாய் மூடும் என்பார்கள். வாய் திறக்கிறதே என்று கொள்ளையே அள்ளி அள்ளி வைத்தால் டாக்டர் வந்துதான் தீர வேண்டும். குதிரையின் சாப்பாட்டில் பெரும்பங்கு நார்த்தீனியாக இருக்க வேண்டும். எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரை பங்கு உலர் தீனி ஒரு நாளைக்கு. அருகம்புல், காய்ந்த புல் உத்தமம். கொள்ளும் தவிடும் செய்யும் வேலைக்குத் தகுந்தபடி, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. வேலையில்லாத நாளில் குறைத்துவிடுங்கள்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல். மாட்டுக்குத் தங்கம். குதிரைக்கு அதையே முழுத் தீனியாகப் போட்டால் அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. கூடவே பாஸ்பரஸ் மிகுந்த தவிடும் சேர்ந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் வீங்கும், கால் நொண்டும். பச்சையைக் கலந்து போடுங்கள், தாது உப்பு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நெல் வைக்கோலை மட்டும் போட்டுக் காலம் தள்ளுவதும் ஆகாது. சத்தும் இல்லை, அடைப்பும் வரும்.

வேர்க்கடலைக் கொடி இந்த மண்ணின் வரம். நல்ல தீனிதான், இரண்டு எச்சரிக்கைகளோடு. வேரில் ஒட்டிய மண்ணை நன்றாக உதறுங்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கொடியைத் தொடவே வேண்டாம். மண் என்றதும் பாலாறும் சொல்ல வேண்டும். வறண்ட ஆற்று மணலில் அங்கங்கே முளைத்த புல்லை மேய விட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படியும். சந்தேகம் வந்தால் தரையில் படாத லத்தி உருண்டைகள் சிலவற்றைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் மணல் தங்கினால் மேய்ச்சல் இடத்தை மாற்றுங்கள். தோல் பதனிடும் ஆலைகள் பக்கத்து ஊற்றுக்குழித் தண்ணீரும் வேண்டாம். நல்ல தண்ணீர் நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வேண்டும், கோடையில் இன்னும் கூட.

கோழித் தீவனமும் சில மாட்டுத் தீவனங்களும் குதிரைக்கு விஷம். அவற்றில் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்தையோ கொன்றுவிடும். மூட்டை மீதி இருக்கிறதே என்று கொட்டாதீர்கள். அரளிச் செடியும் அப்படித்தான். நெடுஞ்சாலை நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கிறதே, அதேதான். கொஞ்சம் இலையே உயிருக்கு ஆபத்து, காய்ந்தாலும் விஷம் போகாது. வெட்டிப் போட்ட கிளைகள் கிடக்கும் இடத்தில் கட்ட வேண்டாம். ஆமணக்கு விதையும் ஆகாது.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, லட்டு, வாழைப்பழச் சீப்பு எல்லாம் பாசத்தோடு வரும். சிரித்துக்கொண்டே வாங்கி ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். திடீரென்று இவ்வளவு மாவுச்சத்து போனால் வயிற்றுவலி வரும். அதோடு விட்டால் பரவாயில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்துக் குளம்புக்குள் வீக்கம் வந்து, முன்னங்காலை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும், நடக்க மறுக்கும். குளம்பு சூடாக இருக்கும். அன்றே டாக்டர் பார்க்காவிட்டால் அந்தக் குதிரை பழையபடி ஓடுவது கடினம்.

குளம்பு, பல்

குளம்பை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். மாட்டு லாடக்காரரிடம் குதிரையைக் கொடுக்காதீர்கள். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, இரண்டு தகடு. குதிரைக்கு ஒரே வளையம், ஆணி போகும் கோணமே வேறு. தெரிந்த குதிரை லாடக்காரர் கிடைக்கும்வரை லாடமில்லாமல் மண் தரையில் வைத்திருப்பது நல்லது. பல்லை வருடம் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகி நாக்கைக் கிழிக்கும்போது தீனி வாயிலிருந்து உருண்டையாக விழும். ராவி விட்டால் சரியாகிவிடும்.

ஆண் குதிரைக்குக் காயடிப்பதாக இருந்தால் டாக்டர் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். மாட்டுக்குப் போடும் கிட்டி இதற்கு ஆகாது.

வேலூர் வெயில்

அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர். வெயில் 37 டிகிரியைத் தாண்டும் பகுதியில் பகல் 12 முதல் 3 வரை வண்டியிழுக்கும், சுமக்கும் விலங்குகளை வேலை வாங்கக் கூடாது, நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1965-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. முகூர்த்தக்காரர்கள் நெருக்கினால் இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள்.

மூச்சு வாங்குவது நிற்கவில்லை, உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் வெயில் தாக்கிவிட்டது. சூடாக இருக்கும் குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நரம்பு பிடித்துக்கொள்ளும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க விடாமல் ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற இன்னொருவர் டாக்டருக்குப் போன் செய்யட்டும். குடிக்கவும் தண்ணீர் வையுங்கள். வேர்க்க வேண்டிய நேரத்தில் வேர்க்காமல் தோல் வறண்டிருந்தால் அது இன்னும் மோசம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயிற்றுவலி இரவு

குதிரை வளர்ப்பவர் எல்லோரும் ஒருநாள் இதைப் பார்த்தே தீருவார்கள். தீனி தொடாது. காலால் தரையைக் கீறும். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும். மேலுதட்டைச் சுருட்டும். படுக்கும், எழும், மறுபடி படுக்கும். முற்றினால் புரளும், வேர்த்துக் கொட்டும்.

தீனி முழுவதையும் எடுத்துவிடுங்கள். நோட்டை எடுத்து நாடி, வெப்பம், ஈறின் நிறம், குடல் சத்தம், கடைசியாக லத்தி போட்ட நேரம் இவற்றை எழுதுங்கள். அதற்குப் பிறகு போன். பேச்சு இப்படி இருந்தால் டாக்டருக்கு வேலை பாதி குறையும்:

“டாக்டர் சார், வணக்கம், அணைக்கட்டு ரோட்டிலிருந்து பேசறேன், போன மாசம் உங்களைப் பார்த்தேனே, வெள்ளைப் பெட்டைக் குதிரை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து வயித்தைப் பார்த்துக்கிட்டே இருக்கு சார். நாடி 56, எப்பவும் 36 இருக்கும். காய்ச்சல் இல்லை. மத்தியானத்துக்கு அப்புறம் லத்தி போடலை. வலது பக்கம் சத்தமே இல்லை. எடை ஏறக்குறைய 280 கிலோ. நான் எந்த மருந்தும் கொடுக்கலை சார்.”

இந்தக் கடைசி வரி முக்கியம். எண்ணெய், சோடா, ஓமத் தண்ணீர் எதையும் மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ வாயில் ஊற்றாதீர்கள். மாட்டுக்கு ஊற்றிப் பழகிய கைதான் இங்கே குதிரையைக் கொல்வது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுத்தான் எண்ணெய் கொடுப்பார். அந்தக் குழாய் இரைப்பையில் தேங்கியதை வெளியே எடுக்கவும் உதவும். வாந்தி எடுக்க முடியாத விலங்குக்கு அதுவே வாந்தி. உங்கள் டாக்டரிடம் குதிரைக்கான நீளக் குழாய் இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வைத்தால் நல்லது. மனிதருக்கான வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள். வலி மறைந்துவிட்டால் குடல் முறுக்கு இருக்கிறதா என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

சமாதானமாக நின்றால் நிற்கட்டும், படுத்தால் அமைதியாகப் படுத்திருக்கட்டும். புரள முயன்றால் மட்டும் மெதுவாகப் பத்து நிமிடம் நடத்துங்கள். விடிய விடிய நடத்திக் களைக்க வைக்க வேண்டாம். நாடி 60-ஐத் தாண்டிக் குறையவில்லை, ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறுகிறது, வலி ஊசி போட்டும் ஒரு மணி நேரத்தில் வலி திரும்புகிறது என்றால் இது மருந்தகத்து வேலை இல்லை. பெரிய மருத்துவமனைக்கு வண்டி பார்க்க வேண்டும்.

நடத்தவே கூடாத ஒரு நிலையும் உண்டு. ஒரு வாரம் வேலையின்றி முழுத் தீனி தின்ற குதிரையை முகூர்த்த நாளில் திடீரென்று ஓட்டினால், பின்தொடைச் சதை கல்லாக இறுகி நகர முடியாமல் நிற்கும், மூத்திரம் காப்பி நிறமாகும். அதை வயிற்றுவலி என்று நினைத்து நடத்தினால் சதை இன்னும் கெடும். நின்ற இடத்திலேயே நிற்க வைத்துத் தண்ணீர் காட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

விட்டு விட்டு வரும் காய்ச்சல்

தின்கிறது, ஆனால் இளைக்கிறது. ஒருநாள் காய்ச்சல், நாலுநாள் இல்லை, மறுபடி காய்ச்சல். காலிலும் அடிவயிற்றிலும் நீர் இறங்கியிருக்கிறது. மழைக்குப் பிறகு கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா நோயாக இருக்கலாம். கண் உள்தோல் மஞ்சளாக, மூத்திரம் சிவப்பாக இருந்தால் உண்ணிக் காய்ச்சல். இரண்டுக்கும் காய்ச்சல் இருக்கும்போதே இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், மருந்து கொடுத்த பிறகு அல்ல. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கொஞ்சம் கூடினாலும் கேடு. டேப் வைத்து அளந்த எடை இங்கே உதவும்.

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக

வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் வேப்பேரியில் இருக்கின்றன. பெங்களூர் பக்கம் போவதாக இருந்தால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி, 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டில் எது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். அவர் முன்கூட்டிப் பேசி, செய்த சிகிச்சையை எழுதிக் கொடுத்தால் அங்கே நேரம் மிச்சம்.

வண்டியை அவசரத்தில் தேடாமல் முன்பே பார்த்து வையுங்கள். தரையில் மணலோ வைக்கோலோ போட்ட, பக்கம் உயர்ந்த சிறிய லாரி. ஏறிப் பழகாத குதிரை வலியில் ஏறவே ஏறாது. நல்ல நாளில் வாரம் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பழக்குங்கள். பயணத்துக்கு டாக்டரின் உடல்தகுதிச் சான்று வேண்டும், 1978-ம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதி அப்படி.

அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டியவை

கிளாண்டர்ஸ் வந்த குதிரைக்கு மூக்கில் ஒட்டும் சளி, மூக்கினுள் புண், காலிலும் உடம்பிலும் வரிசையாகக் கட்டி உடைந்து ஒழுகும் புண். மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி இல்லை. 2009-ம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். துறை வழியாக இரத்தம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். உறுதியானால் சிகிச்சை கிடையாது, வலியில்லாமல் உயிரை எடுப்பார்கள், உரியவருக்கு இழப்பீடு உண்டு. குதிரை போய்விடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. லாயத்தில் படுக்கும் பையன் அந்தப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான் என்பதை அவர்கள் நினைக்க வேண்டும்.

கடைசியாக, நன்றாக இருந்த குதிரை திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கரிய இரத்தம் வந்திருந்தால் அதை அறுக்காதீர்கள், தோல் உரிக்க விடாதீர்கள், நாய் நெருங்க விடாதீர்கள். நம் வட்டாரத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் அடைப்பான் நோய் குதிரைக்கும் வரும். திறந்தால் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். டாக்டர் வந்து காதிலிருந்து இரத்தத் துளி எடுத்துச் சோதித்த பிறகு, நீர்நிலைக்கு எட்டாத இடத்தில் ஆறடிக்குக் குறையாமல் குழி தோண்டி, மேலும் கீழும் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். காப்பீடு எடுத்திருந்தால் புதைப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டாக்டரிடம் இறப்புச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.